உப்புக்காரருடன் ஒரு ராக் கச்சேரி

உப்பளம் நடத்தும் மனிதரைத் திறந்தவெளிக் கச்சேரிக்குக் கூட்டிப் போகலாமா? தாராளமாகப் போகலாம்... மேடையைப் பார்ப்பார் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

போன சனிக்கிழமை நான் கூட்டிப் போனேன். என் வீட்டுக்காரரைத்தான்.

காலேஜ் நாளிலிருந்து நான் உயிரை விட்டுக் கேட்கும் டான்ஸ்-ராக் பேண்ட் அது. அவர்கள் டிரம்ஸைத் தட்டினால் முட்டிவலிக்காரரும் எழுந்து ஆடுவார். புதுச்சேரி கடற்கரையில் ஷோ என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவரோ பல வருடம் கல்ஃபில் இருந்துவிட்டு வந்து, மரக்காணத்தில் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். அதுவரை எங்கள் குடும்பமே போனில்தான் நடந்தது. சேர்ந்து ஒரு சினிமாவுக்குக்கூடப் போனதில்லை.

“ரூம் போட்டுத் தங்கிட்டு, காலையில பீச்சுல நடந்துட்டு வரலாங்க” என்றேன். ஒரே நிபந்தனை — ஷோ முடியும்வரை அவர் போன் என் ஹேண்ட்பேக்கில்.

“சரி ஷமீமு, ஒரு நாள்தான?” என்றார்.

பிள்ளைகள் கூனிமேட்டில் அம்மா வீட்டில். பைக்கில் நாங்கள் இருவர் மட்டும். கடல்காற்று, வழியில் இளநீர்... புதுப்பெண் மாதிரி இருந்தது எனக்கு. வேறென்ன வேண்டும்?

மூன்றாவது பாட்டு ஓடும்போது என் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது.

கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது. கோடையில் மழை வந்தால் ஊரே கொண்டாடும். உப்பளக்காரர் வீட்டில் மட்டும் யாருக்கும் சோறு இறங்காது. திரும்பிப் பார்த்தால், இவர் முகம் வெளுத்து நிற்கிறார்.

“இன்னிக்கிதான் உப்பு வாரிக் குவிச்சோம். காலையில லாரி வருதேன்னு தார்ப்பாய் போடல. எல்லாம் தொறந்து கிடக்குது.”

“இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நீ வந்திருக்க மாட்டியே...”

அப்போதும் மனிதர் போனைக் கேட்கவில்லை. கொடுத்த வாக்கு! கண்ணை மூடி, இரண்டு கைகளையும் ஏந்தி, முகத்தை வானத்துக்கு உயர்த்தி துஆ கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பின்னால் நின்ற பெண்கள் அதை ஸ்டெப் என்று நினைத்துவிட்டார்கள். “அங்கிள், செம!” என்று அவர்களும் கையை ஏந்தினார்கள். பக்கத்து வரிசை ஏந்தியது. மேடையில் பாடகர் பார்த்தார் — அவரும் ஏந்தினார். அவ்வளவுதான், கடற்கரையே கையேந்தி ஆடியது.

இவர் கண்ணைத் திறந்து திகைத்தார். “இவங்கள்லாம் எதுக்கு துஆ கேக்குறாங்க?”

சிரிப்பதா அழுவதா? போனைப் பிடுங்கி வைத்தால் கவலையும் கூடவே பைக்குள் போய்விடும் என்று நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல! எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உப்பளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலையிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். திருப்பி அடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

“பாய், இங்க ஒரு பொட்டுகூட விழல பாய். காத்து திரும்புனப்பவே தார்ப்பாய் போட்டு மூடிட்டோம். அதச் சொல்லத்தான் அடிச்சிக்கினே இருக்கேன், நீங்க எடுக்கவே இல்ல... ஆமா, அங்க இன்னா பாய் சத்தம், கல்யாணமா?”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள்... அத்தனை ஸ்பீக்கர் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. உப்பு கரைந்திருந்தால், ஆயுசுக்கும் இந்த பேண்ட் பெயரை வீட்டில் எடுக்க முடியுமா?

அப்புறம் ஆடினார். மழையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. தாளத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? என் பக்கத்தில் நின்று ஆடினார்.

மறுநாள் பீச்சில் டீ குடிக்கும்போது சொன்னார்: “நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வாட்டி ஐப்பசியில வெக்கச் சொல்லு ஷமீமு. உப்பு வேலை இருக்காது, நிம்மதியா பாக்கலாம்.”

ஐப்பசி அடைமழையில், திறந்தவெளியில்... பேண்ட் வருமோ வராதோ, நாங்கள் இருவரும் குடையோடு போய் நிற்போம்!