பெரியநாயகசாமி இழுத்த கயிறு

வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சரணாலயத்தில் பெரியநாயகசாமி இருபத்தொரு வருடமாக வாட்ச்சர். வெளிமான்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எந்தப் புல்வெளியில் எந்தப் பெண்மான் குட்டி போட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தாய் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு எட்டப் போய் மேயும். அந்தப் பக்கம் கால் வைக்காமல் அவரும் சுற்றிக்கொண்டு நடப்பார்.

அதே காட்டில் மட்டக்குதிரைகளும் இருந்தன. எப்போதோ வண்டி இழுத்தவற்றை வேண்டாமென்று யாரோ விட்டுவிட்டுப் போக, அவை பெருகிவிட்டன. மழை பெய்த வருடங்களில் மானும் குதிரையும் ஒரே வெளியில் மேய்ந்தன. மழை பொய்த்த வருடம் குட்டைகள் எல்லாம் வற்றி, டேங்கர் லாரியில் நிரப்பும் ஒரு தொட்டிதான் மிஞ்சியது. குதிரைகள் அதைச் சூழ்ந்து நின்றுகொண்டன. கிட்டே வந்த மான்களைக் கடித்து விரட்டின. தாய்மான்களுக்குப் பால் வற்றியது. அந்த மே மாதம் மட்டும் பதினாலு குட்டிகள் செத்தன. பதினாலாவதை அவர் பார்த்தபோது உயிர் கொஞ்சம் ஒட்டியிருந்தது. துண்டை நனைத்து வாயில் பிழிந்தார். தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வழிந்தது.

அங்கிருந்து நேராக ரேஞ்சர் தியாகராசனிடம் போனார்.

“சார், குதிரைங்கள இங்கேருந்து கொண்டுபோயிடுங்க. இல்லன்னா அடுத்த வருசம் நான் காவல் காக்க மான் இருக்காது.”

“மேல எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன் சாமி. நீங்க பாத்ததையும் சேத்து எழுதுறேன்.”

ஜூலையில் அனுமதி வந்தது. கூடவே கால்நடை மருத்துவர் ஃபஹ்மிதாவும் வந்தார். நாகப்பட்டினத்துப் பெண், முப்பது வயதிருக்கும். தொட்டியைச் சுற்றிச் சவுக்குக் கம்பால் பட்டி அடைத்து, ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். குதிரைகள் பழகி உள்ளே வந்ததும், மறைவிலிருந்து கயிற்றை இழுத்தால் கதவு விழும்.

“கயிறு உங்க கையிலதாண்ணே இருக்கணும்,” என்றார் ஃபஹ்மிதா. “உங்க வாடை அதுங்களுக்குப் பழக்கம். இந்த வெயில்ல மயக்க ஊசி போட்டா செத்துடும்.”

முதல் தடவை பதினொன்று சிக்கின. ஒன்றுக்கும் கீறல்கூட இல்லை. மன்னார்குடிக்கு அப்பால் ஒரு காப்பகத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

இரண்டாவது தடவை, ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, ஒன்பது குதிரைகள் உள்ளே போனதும் பெரியநாயகசாமி கயிற்றை இழுத்தார். அப்புறம்தான் கம்பு வேலிக்கு வெளியே ஒரு குதிரைக்குட்டி நிற்பது தெரிந்தது. புதர் மறைத்திருந்தது. குட்டி கனைத்தது. உள்ளேயிருந்த தாய் வேலியைத் தாண்டப் பாய்ந்து, கம்புக்கு நடுவே முன்னங்கால் மாட்டி விழுந்தது. கால் முறிந்த சத்தம் மறைவிடம் வரை கேட்டது.

ஃபஹ்மிதா தொட்டுப் பார்த்தார். “இது சேராதுண்ணே. தலையப் புடிச்சுக்கங்க.”

பெரியநாயகசாமி மடியில் தலையை வைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அதன் காது அசைந்தது. குட்டி ஓடவில்லை. கையாலேயே பிடித்து மற்ற எட்டோடு லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

“குட்டியப் பாக்காம இழுத்துட்டேன் டாக்டர்.”

“நானும் பாக்கலண்ணே.”

அந்தக் குட்டி பெரியநாயகசாமி மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அக்டோபரில் ஒருநாள் லீவு போட்டு, பஸ் மாறி மாறிக் காப்பகத்துக்குப் போனார். கொட்டகையில், அனுப்பிய இருபதில் பன்னிரண்டு குதிரைகள்தான் நின்றன. குட்டியைக் காணவில்லை. காவலாளி தங்கையன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“வைக்கோல்தாங்க போட்டோம். வயிறு உப்பி ஒண்ணொண்ணா விழுந்துடுச்சு. நாங்க மாடு பாத்தவங்க. குதிரைக்கு என்ன போடணும்னு யாரும் சொல்லல.”

“அந்தக் குட்டி?”

“அது வந்த மூணாம் நாளே போயிடுச்சுங்க.”

வீட்டுக்கு வந்து மனைவி எல்சியிடம் மட்டும் சொன்னார்.

“நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்,” என்றாள் எல்சி.

“மான் செத்துருக்கும்.”

“இப்ப இது செத்துடுச்சு.”

பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

மறுநாள் ரேஞ்சர் அறையில் ஃபஹ்மிதாவும் இருந்தார். மிச்சம் இருக்கும் குதிரைகளை அங்கே அனுப்பாதீர்கள் என்று பெரியநாயகசாமி கேட்டுக்கொண்டார். வேறு எங்கே அனுப்புவது என்று தியாகராசனுக்கும் தெரியவில்லை.

“அனுப்புன மறுவாரமே நான் போய்ப் பாத்திருக்கணும்,” என்றார் ஃபஹ்மிதா. “இனி புடிக்க வேணாம் சார். ஆண் குதிரைக்கெல்லாம் காயடிச்சு இங்கேயே விட்டுடலாம். குட்டி பொறக்காது, தானாக் கொறையும். பதினஞ்சு வருசம் ஆகும்.”

“அதுவரைக்கும் மான் என்ன பண்ணும் டாக்டர்?” என்றார் பெரியநாயகசாமி.

ஒரு வாரம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். இரண்டாவதாக ஒரு தொட்டி கட்டி, சுற்றிலும், குதிரைக் கழுத்து எட்டாத தூரத்தில், இடுப்பு உயரத்தில் குறுக்குக் கம்பு அடித்தார்கள். மான் குனிந்து நுழையலாம், குதிரையால் முடியாது. அடுத்த கோடையில் குதிரைகள் அந்தக் கம்பில் நெஞ்சை முட்டிக்கொண்டு நின்றன. மான்கள் குடித்தன. அப்படியும் ஐந்து குட்டிகள் செத்தன, புல் போதவில்லை.

குளிர்காலம் முழுக்கக் காயடிப்பு நடந்திருந்தது. எல்லா ஆணும் முடிந்ததாகத்தான் கணக்கு. குதிரைக்குச் சினை பதினோரு மாதம்; காயடிப்பு முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு காலை ரோந்தில், உப்பளப் பக்கத்துப் புல்லில் ஏதோ புரள்வது தெரிந்தது. மான்குட்டி என்று நினைத்து விலகி நடந்தவர், திரும்பிப் பார்த்தார். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குதிரைக்குட்டி, கால் நடுங்க எழுந்து நிற்கப் பார்த்தது. தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. ஈரம் காயும் வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சிக்னல் கிடைக்கும் மேடு வரை நடந்து ஃபஹ்மிதாவுக்கு போன் போட்டார்.

“டாக்டர், ஒரு ஆண் தப்பியிருக்குங்க. வந்து பாக்கணும்.”