கைமணி அடித்த நாள்

கலியாணமாகி ஜேர்மனிக்குத் திரும்பி வந்த பிறகு, டோர்ட்மண்ட் சந்தையில் ஒருவர் பழைய பித்தளைக் கைமணியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். நான் சட்டென்று காதுகளைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. ஜேர்மனியில் முகாமிட்டிருந்த ஆங்கிலேயப் படையினரின் பிள்ளைகளுக்காக எப்போதோ தொடங்கிய சின்ன ஆங்கிலப் பள்ளி ஒன்று, நாங்கள் அகதிகளாக வந்து தங்கியிருந்த ஊரில் இருந்தது. அம்மா அங்கே கூட்டித் துடைக்கப் போனதால் எனக்கும் இடம் தந்தார்கள். ஈரக் கம்பளிக் கோட்டுகளும் மெழுகிய மரத்தரையும் மணக்கும் பள்ளி அது. பள்ளியை விட்டுப் போகிற பிள்ளை வாசற்படியில் நின்று கைமணியை அடிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று கைதட்டி வழியனுப்புவார்கள். பள்ளி தொடங்கிய நாளிலிருந்தே இருந்த வழக்கமாம்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டது. கொழும்புக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்தது. கடைசி நாளன்று தலைமை ஆசிரியை மணியை என்னிடம் தந்தார். நான் அதன் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். அடித்தால்தானே போக வேண்டும்?

"அடி பிள்ளை, அப்பா வெளியில நிக்கிறார்," என்றார் அம்மா.

"ஏலாது! நான் வரமாட்டன்!"

"எனக்கு மட்டும் போக விருப்பமே? விடு ராசாத்தி."

அம்மா அழுதபடி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசி விரலும் விட்டதும் மணி தானாக ஒலித்தது.

வரிசையில் நின்ற பிள்ளைகள் சந்தோஷமாகக் கைதட்டினார்கள்.