பல்லடத்திலிருந்து மும்பை, இரண்டே மணி நேரம்

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் மும்பை விமான நிலையத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் சுமார் இரண்டு மணி நேரம். எதையோ தேடப்போன இடத்தில் ஓர் இணையப் பக்கம் போன வாரம் இப்படிச் சொன்னது. நல்ல பக்கம்தான். ஓடுபாதையிலேயே பாய் விரித்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு மிகவும் பயன்படும்.

படித்ததும் எனக்குச் சிவப்புக் கார்பன் வாசம் அடித்தது. விமானச் சீட்டைக் கையால் எழுதிய நாட்களில் அந்த மை விரலை விட்டுப் போகாது, சோற்றிலும் மணக்கும். அப்போது நான் காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸில் எழுத்தர். விமானத்தில் கால் வைத்ததில்லை. கால அட்டவணை மட்டும் மனப்பாடம். வீட்டில் எனக்கு விமானி மரியாதை.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்கு மும்பையிலிருந்து வரன் வந்தது. பல்லடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் பெண் கொடுக்க ஒரே ஒரு சட்டம் இருந்தது.

“காத்தால போனா, புள்ளையப் பாத்துப்போட்டுப் பொழுதுக்குள்ள ஊடு வந்தரோணும். மத்ததெல்லாம் அப்பறம்.”

கோபி ஊரைத் தாண்டி அவர் ஜாதகமே வாங்கியதில்லை. நான் அட்டவணையை விரித்தேன்.

“ரெண்டு மணி நேரந்தானுங்கப்பா. கோபிக்குப் பஸ்ஸுல போறதுக்கே அதுக்கு மேல ஆகுதுங்களே.”

அப்பா அதை ஒருமுறை தலைகீழாகவும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

கல்யாணத்துக்குப் பின் முதல் முறையாக அவளைப் பார்க்க நானும் அப்பாவும் கிளம்பினோம். எதையும் குறித்துவைக்கும் வியாதி எனக்கு அன்றே உண்டு. வீட்டைப் பூட்டியது காலை ஐந்து மணி. பயத்தில் சீக்கிரமே போய் விமான நிலையத்தில் உட்கார்ந்தோம். விமானத்துக்கு அந்தப் பயம் இல்லை, தாமதமாக வந்தது. இறங்கியபின் முறுக்கு டின்னுக்கும் முருங்கைக்காய்க் கட்டுக்கும் காத்திருந்தோம். அப்புறம் மும்பைச் சாலை. தங்கை கதவைத் திறந்தபோது மாலை நான்கு. பதினொரு மணி நேரத்தில் ஆகாயத்தில் இருந்தது இரண்டே மணி நேரம். அட்டவணை பொய் சொல்லவில்லை.

“ஏங்கண்ணு, இதுதா ரெண்டு மணி நேரமா?” என்று அப்பா அவளைத்தான் கேட்டார்.

“அண்ணங் கணக்குல நானு ஏரோப்ளேன் எறங்கற எடத்துலயே ஊடு கட்டியிருக்கறேனுங்கப்பா,” என்றாள் தங்கை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சமையலறைக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

ஊர் திரும்பிய அப்பா தோல்வியை ஒப்புக்கொள்வாரா? கேட்டவர்களிடமெல்லாம், “ரெண்டே மணி நேரமுங்க, காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள எறக்கி உட்டர்றானுங்க,” என்றார். அதை நம்பி எங்கள் வீதிப் பெண்கள் புனே, டெல்லி, துபாய் என்று கல்யாணமாகிப் போனார்கள். ஒரு வீதியையே காலி செய்த எழுத்தர் என்ற பெருமை எனக்கு.

தங்கை முதலில் பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் வந்தாள். பிறகு நோம்பிக்கு மட்டும். பிறகு பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் முழங்கால். என் குறிப்பேட்டில் அவள் வந்த நாட்களுக்கு நடுவே பக்கங்கள் கூடிக்கொண்டே போயின.

முந்தாநாள் எதிர்வீட்டுக்காரர் வந்தார். கடைசிப் பெண்ணுக்கு மும்பையில் வரனாம்.

“உங்க புள்ள அங்கதானுங்களே இருக்குது? எத்தன நேரமாகுமுங்க?”

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பையங்கிட்டக் கேளுங்க. அவந்தா எழுதி வெச்சிருக்கறான்.”

இரண்டு மணி நேரம் என்று நான் சொல்லியிருக்கலாம்; இணையமே சாட்சி.

“தங்கச்சி கடைசியா வந்துபோயி நாலு வருஷமாச்சுங்க,” என்றேன்.