காலிப் பெட்டி என்று நினைத்தது

அந்த அட்டை உருண்டைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. முழு உருண்டைகள் அல்ல. நாலு மூலை அட்டைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி மூடியவை. ஆரியசாலையில் நான் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டிக் கடைக்கு வாடிக்கையாக வரும், மலையாளம் கலந்து பேசும் டீச்சர் செய்தவை. கணக்கில் ஆராய்ச்சி முடித்தும் நிரந்தர வேலை கிடைக்காமல் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு அட்டையில் சாதாரணப் பெட்டி வரும், எட்டிலும் ஒன்பதிலும்கூட மூடலாம், ஏழில் மட்டும் குழி விழாமல் மூடவே முடியாது என்று ஒருமுறை சொன்னார். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஏன் என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒருநாள் அவருக்கு ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. அங்கே காட்டக் கொண்டுவந்த உருண்டைகளைப் பையோடு கடையில் வைத்துவிட்டு, சர்ட்டிபிகேட் நகல் எடுக்கப் போயிருந்தார். லோடு இறக்கிவிட்டு நான் வந்தபோது பை சரிந்து அவை தரையில் கிடந்தன. எங்கள் தொழிலில் காலிப் பெட்டி நிமிர்ந்து நிற்கக் கூடாது, இடத்தை அடைக்கும். கண்ணில் பட்டால் கை தானாகவே விளிம்பைக் கீறித் தட்டையாக்கிவிடும். யாருடையது என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் கீறி, அடுக்கி, சணல் போட்டுக் கட்டிவிட்டேன்.

"அய்யோ அண்ணே, இது எந்தா செஞ்சு வச்சிருக்கீங்க?" டீச்சரின் குரல் கேட்டுத்தான் திரும்பினேன்.

முதலாளி சிரித்தார். "காலியா எது இருந்தாலும் இவரு மடக்கிக் கட்டிருவாரு டீச்சரே. என் தலைய விட்டு வச்சதே பெரிசு."

டீச்சர் சிரிக்கவில்லை. பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து டேப்பைக் கிழித்தார். "எந்த விளிம்பு எதோட ஒட்டியிருந்துச்சு, ஓர்மை உண்டா? அளவு கொஞ்சம் மாறினா சாரமில்ல, பரவாயில்ல. எது எதுக்குப் பக்கத்துலங்கறதுதான் என் பாடமே."

எனக்குத் தெரியவில்லை. கத்தியைப் பிடித்தபடி நின்றேன். ஒன்றைத்தான் அவரால் ஒட்ட முடிந்தது. மற்றவற்றைக் கட்டாகவே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

பிறகு அவர் அட்டை வாங்க வந்தபோது அடுக்குக்குப் பின்னால் ஒளிந்தேன். தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். "வேலை கிடைக்கல அண்ணே. உங்களால இல்ல, கேட்டோ. அவங்க அதைப் பத்திக் கேக்கவே இல்ல."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா, இன்றும் தெரியாது. அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய வேகத்தில், "நல்லதாப் போச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அட்டைக்கு விலை கேட்டார்.