மணக்காத கறிவேப்பிலை

நேற்று ஆர்.எஸ்.புரத்தில் வாங்கிய கறிவேப்பிலை அகலமாக இருந்தது, கசக்கினாலும் மணக்கவில்லை. உடனே துடியலூர் சரசக்கா நினைவுக்கு வந்தார்.

தொண்ணூறுகளில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பக்கத்து வீட்டுச் சரசக்கா எங்கள் கறிவேப்பிலைச் செடியை ஒட்டி உயரமாகச் சுவர் எழுப்பினார்.

"வெயிலே விழாதுங்களேக்கா" என்று அம்மா கெஞ்சியும் கேட்கவில்லை. எங்கள் செடி வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்தது. இலைகள் அகலமாகி, தடிமன் குறைந்து, மணமிழந்தன.

நான் யாருக்கும் தெரியாமல் தினமும் அவர் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினேன். சில வாரங்களில் அதன் இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தன.

ஒருநாள் சரசக்கா வந்தார். "ஏனுங்க அம்மணி, ரசத்துக்கு ரெண்டு கொத்து குடுங்க."

அம்மா தாராளமாகப் பறித்துக் கொடுத்தாள். "நெழல்ல வளந்ததுங்கக்கா, மணக்காது."

சரசக்கா தலைகுனிந்து வாங்கிப் போனார். எனக்கு அன்று வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.