மொறிஸ் மைனர் போட்ட சத்தம்

காரின் கதையை இந்தக் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பதற்றம் இன்னும் அடங்கவில்லை.

இன்று கொழும்பு வெள்ளவத்தை இராணுவச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்பா கிளச்சை விட்டதும் எங்கள் பழைய மொறிஸ் மைனரின் அடியில் "டங்!" என்று சத்தம். சிப்பாயின் துவக்குக் குழல் எங்கள் பக்கம் திரும்பியது.

ஒருவழியாகத் தப்பி வந்த பிறகு கராஜில் மெக்கானிக் அண்ணை காருக்கு அடியில் படுத்து பின்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தார்.

"ஷாஃப்ட் ஜொயின்ட் தேஞ்சுபோச்சு, ஐயா. காரை எடுக்கேக்கை அதுதான் அடிக்குது. நாப்பது மைல் வேகத்திலை கார் நடுங்குதோ?"

"இவ்வளவு சாவடியள் இருக்கிற காலி வீதியிலை நாப்பதிலை போக ஆர் விடுறாங்கள்? நான்தான் நடுங்கினனான்," என்றார் அப்பா.

புது ஜொயின்ட் எங்கும் கிடைக்கவில்லை. நாளை அம்மாவையும் அதே சாவடியால்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

யாரிடமாவது பழைய ஜொயின்ட் இருக்கிறதா? இல்லாவிட்டால், "சுடாதேங்கோ, சத்தம் போட்டது கார்தான்" என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்றாவது எழுதுங்கள்.