இனி அனுப்ப வேண்டாம்

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி அடுக்குமாடிகளின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்த ஆள் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். கைவேலையில் கில்லாடி, செல்போனில் மட்டும் கைநாட்டு. கடைத் தள்ளுபடி, செருப்பு விற்பனை, காப்பீடு என்று வந்த மெயில்களெல்லாம் பிரிக்கப்படாமல் மலையாகக் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலில் மேற்பார்வையாளரின் அவசர மெயில் ஒன்று புதைந்துபோக, ரிப்பேரான லிஃப்டைச் சரிசெய்ய ஆளில்லாமல் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஐந்து மாடி ஏற வேண்டியதாயிற்று. ஆபீசில் எல்லார் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் ஆப் இருக்குண்ணே. குப்பையை அதுவே கூட்டிப் பெருக்கிடும்," என்று கூட வேலை பார்ப்பவர் ஒன்றை இறக்கிக் கொடுத்தார்.

மதியம் சாப்பிட்ட கையோடு அதைத் திறந்தார். அடிக்கடி மெயில் போட்டும் அவர் பிரித்தே பார்க்காதவர்களின் பெயர்களை அது வரிசையாகக் காட்டியது. யார் யார் என்று பார்க்கப் பொறுமையில்லை. 'எல்லாரும்' என்ற கட்டத்தைத் தட்டினார். 'இனி அனுப்ப வேண்டாம், என் பெயரை நீக்கிவிடவும்' என்று அத்தனை பேருக்கும் அவர் பெயரில் செய்தி பறந்தது. அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் அண்ணனிடமிருந்து பதில் வந்தது.

"தம்பி, பேரை எடுத்துட்டேன். தொந்தரவு பண்ணிட்டேன் போல. மனசுல வெச்சுக்காதே."

அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தம்பிக்கு நீளநீளமாக எழுதுவார். அப்புறம் படிக்கலாம் என்று தள்ளிப் போட்டுப் போட்டு, தம்பி ஒன்றையும் படித்ததில்லை. இப்போது காது மடல் வரை சூடேறியது. நேரே அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

அண்ணி கதவைத் திறந்தாள். அவள் பின்னால் அண்ணன், ஊன்றுகோலோடு ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார்.

"ஐயோ, என்னண்ணே காலுக்கு?"

அண்ணி ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"முட்டி ஆபரேஷன்டா. எழுதியிருந்தேனே…" என்ற அண்ணன் சட்டென்று நிறுத்தினார். "மெயில் வந்திருக்காது. இந்த நெட்டை நம்ப முடியுதா?"

"ஆமாண்ணே, வந்திருக்காது." வாய் முந்திக்கொண்டது.

பேரை நீக்கச் சொன்னது ஆப் செய்த வேலை என்றும் விளக்கினார். "மெஷினுக்கு என்னடா தெரியும்," என்று அண்ணன் சிரித்தார். அண்ணி கொண்டுவந்து வைத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தம்பி கிளம்பினார்.

வாசலில் செருப்பை மாட்டியவர் மாட்டியபடியே நின்றார்.

"வந்துச்சுண்ணே. எல்லாமே வந்துச்சு. நான்தான் ஒண்ணையும் பிரிச்சுப் பார்க்கல."

"தெரியும்டா," என்றார் அண்ணன். "பார்த்துப் போ. படியில விளக்கு எரியல."

திரும்பும் பஸ்ஸில் மெயில்களைத் தேடித் திறந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் எழுதியது ஒன்று இருந்தது. 'கொஞ்சம் பயமா இருக்கு. உங்க அண்ணிகிட்ட காட்டிக்கல. முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போ.'

பக்கத்துச் சீட்டுக்காரர் பார்த்துவிடாதபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியே முதலில் எழுதினார். அண்ணனின் காலைப் பற்றி, மருந்தைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி விசாரித்து நீளமாக எழுதினார். அண்ணனிடமிருந்து உடனே பதில் வந்தது.

'நல்லா இருக்கோம்.'